17 வயதுப் பையனுக்கு ஸ்கூட்டர் கற்றுக்கொடுக்கலாமா?

கேள்வியை முதலில் சுருக்கி எழுதிவிடுகிறேன், பிறகு வந்து படிப்பவர்களுக்கும் புரியும். பெரம்பூரில் இருக்கும் ஒரு அம்மா கேட்டிருக்கிறார். பையனுக்கு 17 வயது 8 மாதம். பிளஸ் டூ முடித்துவிட்டான், கேளம்பாக்கம் பக்கம் ஒரு கல்லூரியில் சேரப் போகிறான். வீட்டில் 110 சி.சி. ஸ்கூட்டர் ஒன்று இருக்கிறது, ஆர்.சி. அம்மாவின் பெயரில். அப்பாவுக்கு லைசென்ஸ் உண்டு. "நான் பின்னால் உட்கார்ந்துகொள்கிறேன், விடியற்காலையில் உள்தெருவில் மட்டும் ஓட்டட்டும்" என்கிறார் அவர். 16 வயதிலேயே எல்.எல்.ஆர். (பழகுநர் உரிமம்) கிடைக்கும் என்று யாரோ சொன்னார்களாம். அதை எடுத்துவிட்டுக் கற்றுக்கொடுத்தால் சட்டப்படி சரியா, போலீஸ் பிடித்தால் ஃபைன் கட்டினால் முடிந்துவிடுமா, காரும் சேர்த்தே பழகலாமா என்பது கேள்வி.

வயதைப் பற்றிக் கேட்டிருப்பதுபோல் இருக்கிறது. ஆனால் நீங்கள் உண்மையில் கேட்பது, ஏதாவது ஆகிவிட்டால் அது யார் தலையில் விடியும் என்பதைத்தான். அதற்கு ஒரே வரியில் பதில் சொல்லலாம்: உங்கள் தலையில். கற்றுக்கொடுக்கப் போகிற அப்பாவும் தப்ப முடியாது, ஆனால் வண்டி உங்கள் பெயரில் இருப்பதால் நீங்களும் சேர்ந்து மாட்டுவீர்கள்.

நான் வில்லிவாக்கம் பக்கம் 23 வருடமாக டிரைவிங் ஸ்கூலில் சொல்லிக்கொடுக்கிறேன். வக்கீல் இல்லை. சட்டத்தில் கறுப்பு வெள்ளையாக இருப்பதை அப்படியே சொல்கிறேன். ஆளுக்கு ஆள், நீதிமன்றத்துக்கு நீதிமன்றம் மாறக்கூடிய இடம் வரும்போது அதையும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் அந்த 16 வயதுக் கதை. அது பொய் இல்லை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 4-ஆவது பிரிவு, 18 வயது முடியாத யாரும் பொது இடத்தில் மோட்டார் வண்டி ஓட்டக்கூடாது என்கிறது. கூடவே ஒரு விலக்கும் தருகிறது: 50 சி.சி.க்கு மேற்படாத இருசக்கர வண்டியை 16 முடிந்தவர் ஓட்டலாம். பெற்றோரோ பாதுகாவலரோ எழுத்து மூலம் சம்மதம் தர வேண்டும். சட்டம் எழுதிய காலத்தில் இதற்கு அர்த்தம் இருந்தது. ஓசூரிலிருந்து 1980-இல் வந்த டிவிஎஸ் 50 அப்போது தெருவுக்குத் தெரு ஓடியது. மளிகைக்கடை அண்ணாச்சியிலிருந்து டைப்ரைட்டிங் கிளாஸ் போகிற அக்கா வரைக்கும் அதுதான். இன்றைக்கு ஷோரூமுக்குப் போய் 50 சி.சி. பெட்ரோல் வண்டி கேட்டுப் பாருங்கள், சிரிப்பார்கள். அதே வம்சத்தில் இப்போது விற்கும் எக்ஸெல் 100-கூட 99.7 சி.சி. ஆக, சட்டத்தில் விலக்கு இருக்கிறது, அதற்குப் பொருந்தும் வண்டி கடையில் இல்லை. உங்கள் பையன் 50 சி.சி. வகைக்கு எல்.எல்.ஆர். வாங்கலாம். அதை வைத்து வீட்டில் நிற்கும் 110-ஐத் தொட்டால், எல்.எல்.ஆர். இல்லாதவன் தொட்டதாகத்தான் கணக்கு.

இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். "கையில் எல்.எல்.ஆர். இருக்கிறதே" என்று தைரியம் வந்துவிடுகிறது. எந்த வகைக்கு என்று யாரும் பார்ப்பதில்லை.

சரி, பிடித்தால் என்ன ஆகும்? 2019-இல் சட்டத்தைத் திருத்தியபோது 199ஏ என்று ஒரு புதிய பிரிவைச் சேர்த்தார்கள். 18 வயதுக்குள் இருப்பவர் இந்தச் சட்டத்தின் கீழ் ஒரு குற்றம் செய்தால், அவருடைய பாதுகாவலரோ வண்டியின் உரிமையாளரோ குற்றவாளியாகக் கருதப்படுவார். 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. அப்புறம் நான் பெற்றோரிடம் எப்போதும் அழுத்திச் சொல்வது ஒன்று: அந்தப் பையனுக்கு 25 வயது ஆகும் வரை எல்.எல்.ஆரும் கிடையாது, லைசென்ஸும் கிடையாது. நாலு மாதம் பொறுக்காமல் ஏழு வருடத்தை இழப்பதா என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். படிப்பு முடித்து வேலைக்குப் போகும்போதும் அவன் பஸ்ஸிலோ அடுத்தவர் வண்டியின் பின்சீட்டிலோதான் போக வேண்டியிருக்கும்.

இதெல்லாம் தவிர, லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியதற்கு 181-ஆவது பிரிவின் கீழ் 5,000 ரூபாய். லைசென்ஸ் இல்லாதவரிடம் வண்டியைக் கொடுத்த உரிமையாளருக்கு 180-ஆவது பிரிவின் கீழ் இன்னொரு 5,000. இரண்டிலும் 3 மாதம் வரை சிறை என்றும் எழுதியிருக்கிறது.

இப்போது சந்தேகத்துக்கு இடமுள்ள பகுதி. சிக்னலில் மடக்கிய ஒவ்வொரு பையனின் அப்பாவும் ஜெயிலுக்குப் போகிறாரா என்றால், நான் பார்த்த வரை இல்லை. பெரும்பாலும் பெற்றோரை வரவழைப்பார்கள், வண்டியை நிறுத்தி வைப்பார்கள், அபராதம், எச்சரிக்கை. அது அன்றைக்கு அங்கே இருக்கும் அதிகாரி எடுக்கும் முடிவு. அதை நம்பித் திட்டம் போட முடியாது. யாருக்காவது அடிபட்டுவிட்டால் "எச்சரித்து அனுப்புவது" என்ற பேச்சே இருக்காது, 199ஏ முழு பலத்தோடு வரும். 25 வயது வரை தடை என்பது குற்றம் நிரூபணமான பிறகுதானா, அதற்கு முன்பேயா என்பதையும் பிரிவின் வாசகம் தெளிவாகச் சொல்லவில்லை. ஒரு வக்கீல் ஒரு விதமாகவும் இன்னொருவர் வேறு விதமாகவும் வாதாட அதில் இடம் இருக்கிறது. அந்த வாதத்துக்கு உங்கள் பையன் உதாரணமாக வேண்டாம்.

"எனக்குத் தெரியாமல் எடுத்துக்கொண்டு போய்விட்டான்" என்று சொல்லலாமே என்று தோன்றும். சொல்லலாம், சட்டம் அதற்கு இடம் தருகிறது. ஆனால் நீதிமன்றம் முதலில், நீங்கள் சம்மதித்துத்தான் வண்டி போனது என்று வைத்துக்கொள்ளும். தெரியாமல் போனது என்றோ, போகாமல் தடுக்க எல்லா முயற்சியும் எடுத்தேன் என்றோ நிரூபிக்க வேண்டியது நீங்கள். சாவி ஃபிரிட்ஜ் மேல் கிடந்தது என்றால் அந்தப் பேச்சு எடுபடாது. இந்தத் திருத்தம் வருவதற்கு முன்பே, 2011-இல், உச்ச நீதிமன்றத்துக்கு இப்படி ஒரு வழக்கு போயிருக்கிறது. சொல்லாமல் சாவியை எடுத்துக்கொண்டு போன மைனர் உறவுக்காரப் பையன் மோட்டார் சைக்கிளில் விபத்து ஏற்படுத்தினான். சாவி அவன் கைக்குப் போகாமல் பார்த்துக்கொள்வது உரிமையாளரின் பொறுப்பு என்று நீதிமன்றம் சொன்னது. இழப்பீட்டை இன்சூரன்ஸ் கம்பெனி கொடுத்துவிட்டு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்ற உத்தரவையும் மாற்றவில்லை. உங்கள் கணவர் பின்னாலேயே உட்கார்ந்திருக்கப் போகிறார். அவர் "தெரியாது" என்று சொல்லவே வழியில்லை.

உள்தெரு, விடியற்காலை என்பதில் சட்டத்துக்கு அக்கறை இல்லை. "பொது இடம்" என்றால் மக்கள் உரிமையோடு போய்வரக்கூடிய எந்தச் சாலையும், தெருவும், வழியும். முட்டுச்சந்தும் அதில் அடக்கம். ஊரப்பாக்கம், மண்ணிவாக்கம் பக்கம் காலி மனைப் பிரிவுகளுக்கு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிப்போகிறவர்கள் இருக்கிறார்கள். அங்கே வீடு ஒன்றுகூட எழும்பாமல் இருக்கலாம். ஆனால் அங்கீகாரம் வாங்கிய மனைப் பிரிவில் சாலைகளை உள்ளாட்சிக்கு எழுதிக்கொடுத்திருப்பார்கள், அதனால் அதுவும் பொதுச் சாலைதான். அடுக்குமாடிக் குடியிருப்பின் காம்பவுண்டுக்குள் எப்படி என்பது ஒரே பதில் இல்லாத கேள்வி. கேட்டில் காவலாளி நிறுத்தி விசாரித்து அனுப்பும் இடம் ஒரு மாதிரி, பால்காரரும் கூரியர்காரரும் தாராளமாகப் போய்வரும் இடம் வேறு மாதிரி. சுற்றுச்சுவர் போட்ட உங்கள் சொந்த இடம் என்றால் லைசென்ஸ் பிரிவு பேசாது. ஆனால் அங்கேயும் யார் மேலாவது மோதினால், அலட்சியத்துக்கான குற்றவியல் வழக்கும் இழப்பீட்டுக் கேள்வியும் காம்பவுண்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் போகாது.

அப்படியானால் 18 முடிந்த மறுநாள் எல்.எல்.ஆர். வாங்கிவிட்டால் எல்லாம் சரியா? இங்கேதான் நான் கொஞ்சம் நீட்டிப் பேசப் போகிறேன். சென்னையில் எல்.எல்.ஆரைப் பற்றி இருக்கும் தப்பான நம்பிக்கையைப்போல் வேறு எதிலும் நான் பார்த்ததில்லை.

1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 3-ஆவது விதியைப் படித்தால், எல்.எல்.ஆர். என்பது ஒரு சின்ன லைசென்ஸ் இல்லை என்று தெரியும். "லைசென்ஸ் இல்லாமல் ஓட்டக்கூடாது" என்ற பிரிவு, மூன்று நிபந்தனைகள் நிறைவேறியிருந்தால் மட்டும் பழகுகிறவருக்குப் பொருந்தாது என்று அந்த விதி சொல்கிறது. அந்த வண்டி வகைக்குச் செல்லுபடியாகும் எல்.எல்.ஆர். கையில் இருக்க வேண்டும். அந்த வண்டி ஓட்ட லைசென்ஸ் உள்ள ஒருவர் கூடவே இருக்க வேண்டும், அதுவும் வண்டியைக் கட்டுப்படுத்தவோ நிறுத்தவோ முடிகிற இடத்தில். முன்னும் பின்னும் வெள்ளைப் பின்னணியில் சிவப்பு "எல்" இருக்க வேண்டும். அந்தப் பலகை 18 சென்டிமீட்டர் சதுரம், எழுத்து 10 சென்டிமீட்டர் உயரம் என்று அளவு வரைக்கும் விதியில் உண்டு. நம்பர் பிளேட் மூலையில் பொட்டு மாதிரி ஒட்டுகிறார்களே, அது கணக்கில் வராது. இந்த மூன்றில் ஒன்று இல்லை என்றாலும் விலக்கு போய்விடும். எல்.எல்.ஆரைப் பையில் வைத்துக்கொண்டு தனியாக ஓட்டுகிற 18 வயதுப் பையன், சட்டத்தின் கண்ணில் லைசென்ஸ் இல்லாதவன்.

இதைத் தியரி என்று நினைக்க வேண்டாம். எங்களிடம் கார் பழகிய ஒரு பையன், எல்.எல்.ஆர். வாங்கிய மூன்றாவது வாரம், அப்பாவின் காரைத் தனியாக எடுத்துக்கொண்டு போய் ஒரு திருப்பத்தில் மீடியன் கட்டையில் ஏற்றிவிட்டான். ஆளுக்கு ஒன்றும் இல்லை, காரின் முன்பக்கம் போய்விட்டது. இன்சூரன்ஸ் க்ளெய்ம் நிராகரித்து வந்த கடிதத்தை அப்பா என்னிடம் எடுத்துக்கொண்டு வந்தார். கம்பெனி பெயர் வேண்டாம். பாலிசி நகலில் ஒரு வரியை மஞ்சள் மார்க்கரால் தீட்டி அனுப்பியிருந்தார்கள். எல்.எல்.ஆர். உள்ளவர் ஓட்டலாம், ஆனால் 3-ஆவது விதியின் தேவைகளை நிறைவேற்றியிருக்க வேண்டும் என்று அதில் இருந்தது. அவர் அந்த பாலிசியை நாலு வருடமாகப் புதுப்பித்துக்கொண்டு வந்திருக்கிறார், அந்த வரியைப் படித்தது அன்றைக்குத்தான். உங்கள் ஸ்கூட்டர் பாலிசியையும் எடுத்து, யார் ஓட்டலாம் என்று சொல்கிற பத்தியைப் பாருங்கள். அநேகமாக அதே வரி இருக்கும்.

அது சொந்த வண்டிச் சேதம். அடுத்தவருக்கு அடிபட்ட வழக்கில் கணக்கு வேறு. எல்.எல்.ஆரும் முறையான லைசென்ஸ்தான் என்று 2004-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. லைசென்ஸே இல்லை என்றாலும், முதலில் பாதிக்கப்பட்டவருக்குக் கம்பெனி கொடுக்கட்டும், பிறகு உரிமையாளரிடம் வசூலிக்கட்டும் என்பது தீர்ப்பாயங்களில் வழக்கமாக வரும் உத்தரவு. சென்னையில் இந்த வழக்குகள் ஐகோர்ட் வளாகத்தில் இருக்கும் சிறு வழக்குகள் நீதிமன்றத்தில் நடக்கும். எல்.எல்.ஆர். இருந்து, கூட ஆள் இல்லாமல் போன வழக்கில் அந்த வசூல் உத்தரவு வருமா என்பது வழக்கைப் பொறுத்தது, அடித்துச் சொல்ல முடியாது.

உங்கள் கணவர் பின்னால் உட்காருவதற்கு வருகிறேன். 18 முடிந்து எல்.எல்.ஆர். வந்த பிறகு, லைசென்ஸ் உள்ள அவர் சொல்லிக்கொடுப்பதற்காகப் பின்னால் உட்காரலாம். வேறு யாரையும் ஏற்றக்கூடாது. தங்கையை டியூஷனில் விடுவது, நண்பனை ஏற்றிக்கொள்வது எதுவும் கூடாது. இரண்டு பேருக்கும் ஹெல்மெட் வேண்டும். ஆனால் பின்சீட்டிலிருந்து ஸ்கூட்டர் பிரேக்கை எட்டிப் பிடிக்க முடியுமா என்று நீங்களே உட்கார்ந்து பாருங்கள். கை நீட்டினால் ஓட்டுகிறவனின் முழங்கைதான் கிடைக்கும், அதைப் பிடித்தால் வண்டி சாயும். விதி எழுதியவர்கள் இருசக்கர வண்டியைப் பெரிதாக யோசிக்கவில்லை என்பது என் அபிப்பிராயம். அதனால் நாங்கள் முதல் இரண்டு நாள் எஞ்சினை ஸ்டார்ட் செய்யவே விடுவதில்லை. காலால் தள்ளிக்கொண்டே போய், பிரேக் பிடித்து நிறுத்திப் பழக வேண்டும். இரண்டு விரலால் லீவரைத் தொட்டபடியே திரும்பக் கை பழகிய பிறகுதான் சாவி.

கார் கேள்விக்கும் இதே விதி. 18 முடிய வேண்டும், எல்.எல்.ஆர். வேண்டும், பக்கத்தில் லைசென்ஸ் உள்ளவர் வேண்டும். டிரைவிங் ஸ்கூல் காரில் இடது பக்கம் எங்கள் காலடியில் கிளட்சும் பிரேக்கும் தனியாக இருக்கும். புதிதாக வருகிறவர்கள் கிளட்சைப் பாதி விட்டுப் பிடிக்கிற ஹாஃப் கிளட்சில் தடுமாறி, பிரேக் என்று நினைத்து ஆக்சிலேட்டரை மிதிப்பது வாரத்துக்கு ஒரு முறையாவது நடக்கும். அப்போது என் வலது கால் ஏற்கனவே பிரேக்கில் இருக்கும். வீட்டுக் காரில் அப்பாவிடம் இருப்பது ஹேண்ட் பிரேக் மட்டும். புதுக் கார்களில் அதுவும் ஒரு பட்டனாகிவிட்டது. ஆகவே முதல் பத்து வகுப்பாவது டபுள் கன்ட்ரோல் இருக்கும் காரில் பழகட்டும். நான் ஸ்கூல்காரன், அப்படித்தான் சொல்வேன் என்று நினைத்தாலும் பரவாயில்லை.

இனி நடைமுறை. 18 முடிந்ததும் சாரதி இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம், இ-சேவை மையத்திலும் செய்து தருவார்கள். வயதுக்குப் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழோ பிறப்புச் சான்றிதழோ, முகவரிச் சான்று, உடல்நலம் பற்றிய உறுதிமொழிப் படிவம். மத்திய விதிப்படி எல்.எல்.ஆர். கட்டணம் வகை ஒன்றுக்கு 150 ரூபாய், சாலை விதிகள் பற்றிய கணினித் தேர்வுக்கு 50. சேவைக் கட்டணம் தனி. அந்தத் தேர்வில் 60 சதவீதம் சரியாக இருந்தால் போதும். ஆனால் சைகைப் பலகைகளைப் படிக்காமல் போகிறவர்கள் அதிலும் தோற்கிறார்கள். எல்.எல்.ஆர். 6 மாதம் செல்லும். அது கிடைத்து 30 நாள் ஆன பிறகுதான் பிரேக் இன்ஸ்பெக்டர் (மோட்டார் வாகன ஆய்வாளர்) முன்னால் எட்டு போட்டு ஓட்டிக் காட்ட முடியும். தோற்றால் 7 நாள் கழித்து மறுபடி போகலாம். மூன்று முறை தோற்றால் 60 நாள் காத்திருக்க வேண்டும். தேதியைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், எல்.எல்.ஆரின் கடைசி மாதத்தில் முதல் டெஸ்டுக்குப் போய் நிற்காதீர்கள்.

2024-இல் "இனி ஆர்.டி.ஓ. ஆபீசில் ஓட்டிக் காட்டவே வேண்டாம்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றியது. அது எல்லா ஸ்கூலுக்கும் பொருந்தாது. 2021 ஜூலையிலிருந்து அங்கீகரிக்கப்பட்ட ஓட்டுநர் பயிற்சி மையங்களுக்கு மட்டும் அப்படி ஒரு விதி இருக்கிறது. காருக்கு 4 வாரத்தில் 29 மணி நேரப் பயிற்சி முடித்து, அங்கேயே தேர்வில் தேறியவருக்கு ஆர்.டி.ஓ. டெஸ்டிலிருந்து விலக்கு. தெருமுனையில் இருக்கும் எங்களைப்போன்ற ஸ்கூலில் சேர்ந்தால் ஆபீசுக்குப் போய் ஓட்டித்தான் ஆக வேண்டும். எந்த வழியில் போனாலும் எல்.எல்.ஆர். உண்டு.

அதுவரை இந்த நாலு மாதத்துக்கு அவனுக்கு ஏதாவது வேண்டும் என்றால் ஒரு வழி இருக்கிறது. 250 வாட்டுக்குக் குறைந்த மோட்டாரும் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைந்த வேகமும் உள்ள மின்சார ஸ்கூட்டர், முறையான பரிசோதனைச் சான்று பெற்றிருந்தால், மோட்டார் வாகனமாகவே கருதப்படாது. லைசென்ஸ், நம்பர் பிளேட் எதுவும் வேண்டாம். கடைக்காரர் "ஒரு வயரைக் கழற்றினால் 45 போகும் சார்" என்று சொன்னால் மட்டும் அந்தக் கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். வயரைக் கழற்றிய நிமிடத்திலிருந்து அது மோட்டார் வண்டி, மேலே சொன்ன எல்லாம் அதற்கும் பொருந்தும்.

கல்லூரி தொடங்கியதும் பெரம்பூரிலிருந்து கேளம்பாக்கத்துக்கு எல்.எல்.ஆரில் ஸ்கூட்டரில் போவது என்பது, தினமும் அப்பாவும் பின்னால் உட்கார்ந்து போனால்தான் நடக்கும். ஆகவே முதல் செமஸ்டரில் பெரும்பகுதி பஸ்தான் என்று இப்போதே அவனிடம் சொல்லி வையுங்கள். விண்ணப்பிக்கும்போது கியர் இல்லாத வண்டி என்று மட்டும் குறிக்காமல், கியர் உள்ள இருசக்கர வண்டி, கார் இரண்டையும் குறிக்கச் சொல்லுங்கள். கியர் வண்டி லைசென்ஸில் ஸ்கூட்டரையும் ஓட்டலாம், தலைகீழாக முடியாது. ஆனால் அதற்கு அவன் எட்டு போட வேண்டியது கியர் வண்டியில். ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று மூன்றும் நடப்பில் இருக்கும் ஒரு பைக்கை யாரிடம் கேட்பது என்று இப்போதே யோசித்து வைத்துக்கொள்ளுங்கள்.